பல்வலி வந்த இரவில்: வீட்டில் எதுவரை செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும்

பல்வலிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பகலெல்லாம் லேசாகக் கூசிக்கொண்டிருந்துவிட்டு, ஊர் அடங்கி, படுக்கையில் தலையைச் சாய்த்த பிறகுதான் முழு வேகத்தோடு கிளம்பும். இதற்குக் காரணம் பல்லின் அமைப்பிலேயே இருக்கிறது. பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த கூழ்ப்பகுதி உள்ளது. அதைச் சுற்றியிருப்பதோ எலும்பையும் விடக் கடினமான சுவர். உடம்பில் வேறு எங்கே வீங்கினாலும் சதை விரிந்து இடம் கொடுக்கும். பல்லுக்குள் வீக்கம் கண்டால் விரிவதற்கு இடமே இல்லை என்பதால், அழுத்தம் முழுவதும் நரம்பின் மேல் விழுகிறது. படுக்கும்போது தலைப்பக்கம் இரத்த ஓட்டம் கூடுவதால் அந்த அழுத்தம் இன்னும் ஏறுகிறது.

அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பல்லில் வைத்துப் பார்க்கத் தோன்றுவது இயல்புதான். கிராம்பு, கற்பூரம், பெருங்காயம், மூக்குப்பொடி, எருக்கம்பால், பிராந்தி, பொடித்த ஆஸ்பிரின் என்று வீட்டுக்கு வீடு பட்டியல் மாறும். இவற்றுள் சில வலியைக் குறைக்கவும் செய்யும். ஆபத்து தொடங்குவதும் அங்கேதான். பயன் தராத கைவைத்தியம் மறுநாள் காலையிலேயே நம்மை மருத்துவரிடம் அனுப்பிவிடும். வலியை அடக்கிவிடும் கைவைத்தியமோ, சொத்தை உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்போதே நம்மை நிம்மதியாக உட்கார வைத்துவிடும்.

சொத்தை இறங்கும் வழியைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். பல்லின் வெளிப்பூச்சான எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. அங்கே குழி விழும்போது ஒன்றும் தெரியாது. அடுத்த அடுக்கை எட்டும்போது குளிர்ந்த நீரும் இனிப்பும் கூசும். கூழ்ப்பகுதியை எட்டும்போது தூக்கம் கெடுக்கும் வலி வரும். அதற்கும் பிறகு ஒரு நாள், வலி சட்டென்று நின்றுபோகும். "நாலு நாள் கிராம்பு வைத்தேன், தானாகவே சரியாகிவிட்டது" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது என்னவென்றால், பல்லின் நரம்பு செத்துப்போனதுதான். செத்த நரம்பு வலிக்காது. ஆனால் அதில் குடியேறிய கிருமிகள் வேர் நுனியைத் தாண்டித் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். அது சில வாரங்களிலும் வெளிப்படலாம், சில ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம்.

ஆகவே இந்த வழிகாட்டியில் இரண்டு காரியங்களைப் பிரித்தே பேசுகிறேன். விடியும்வரை வலியைத் தாங்க உதவுவது முதலுதவி. அதை வீட்டில் செய்யலாம். பல்லைக் குடைவது, அடைப்பது, ஒட்டுவது, நகர்த்துவது, பிடுங்குவது ஆகியவை சிகிச்சை; அவற்றை வீட்டில் செய்யக் கூடாது.

விடியும்வரை செய்யக்கூடியவை

முதலில் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, வலிக்கும் பக்கம் நிறுத்தி நிறுத்திக் கொப்பளியுங்கள். இரு பற்களுக்கு நடுவே இறைச்சி நாரோ, கொய்யா விதையோ சிக்கியிருந்தால், அதுவே வலிக்குக் காரணமாக இருக்கலாம். பல்லிடுக்கு நூலை மெதுவாக நுழைத்து எடுத்துவிடலாம். ஊக்கு, ஊசி, ஹேர்பின் ஆகியவற்றை அருகில்கூடக் கொண்டுவர வேண்டாம். குழிக்குள் ஊக்கை விட்டுக் குடைபவர் பல நேரங்களில் கூழ்ப்பகுதியின் மேல் எஞ்சியிருக்கும் மெல்லிய கூரையை உடைத்துவிடுகிறார்; அடைத்தாலே போதும் என்றிருந்த பல், அந்த நிமிடத்திலிருந்து வேர் சிகிச்சை (ரூட் கேனல்) தேவைப்படும் பல்லாகிவிடுகிறது.

அடுத்து, கன்னத்தின் வெளிப்புறம் ஒத்தடம். நம் வீடுகளில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து சூடாக ஒத்துவதுதான் வழக்கம். பல் வீக்கத்துக்கு அது சரிப்படாது. சூடு இரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கத்தை வளர்க்கும். சீழ் இருந்தால் அதைக் கன்னத் தோலை நோக்கி இழுத்துவிடவும் கூடும். கன்னத்திலோ தாடையிலோ துளை விழுந்து சீழ் வடிந்து, தோல் நோய் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவியவர்கள் உண்டு. எனவே துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்து, சற்று இடைவெளி விட்டு மறுபடியும் வைக்கலாம். தலைக்கு இரண்டு தலையணை வைத்துச் சற்று உயர்த்திப் படுத்தால் துடிப்பு குறையும்.

மாத்திரை என்றால், வேறு நோயில்லாத பெரியவர்களுக்குப் பாராசிட்டமாலே போதும். 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. அடுத்ததற்குக் குறைந்தது 6 மணி நேர இடைவெளி. 24 மணி நேரத்தில் நான்குக்கு மேல் வேண்டாம். சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் இதே பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதால், அட்டையின் பின்புறத்தைப் படித்த பிறகே இரண்டையும் சேர்த்து விழுங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்களும் வழக்கமாக மது அருந்துபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதையும் எடுக்கக் கூடாது. பிராந்தியை வாயில் நிறுத்திக் கொப்பளித்து, பிறகு அதை விழுங்கி, கூடவே மாத்திரையும் போடுவது பல்லை விட்டுவிட்டுக் கல்லீரலைத் தாக்கும் வழி.

கிராம்பைப் பற்றிச் சற்று நியாயமாகப் பேச வேண்டும். அதிலுள்ள யூஜினால் என்ற பொருளுக்கு நரம்பை மரத்துப்போகச் செய்யும் குணம் உண்மையாகவே உண்டு. பல் மருத்துவர்களும் அதைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிக அடைப்பாகப் பயன்படுத்துகிறார்கள். பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் வரும் அந்த வாசனை இதுதான். ஆனால் கடையில் விற்கும் கிராம்பு எண்ணெய் செறிவானது. அப்படியே ஊற்றினால் ஈறும் நாக்கும் வெந்துபோகும். ஒரு முழுக் கிராம்பை வலிக்கும் பல்லருகே மெதுவாகக் கடித்து வைத்திருப்பது பாதுகாப்பானது. எண்ணெய்தான் இருக்கிறது என்றால், ஒரு சொட்டைச் சில சொட்டுத் தேங்காய் எண்ணெயில் கலந்து, பஞ்சில் தொட்டுப் பிழிந்து, ஈறில் படாமல் குழியில் மட்டும் ஒற்றி எடுத்துவிட வேண்டும். குழந்தைகளுக்கு இந்த எண்ணெயே வேண்டாம். விழுங்கினால் கல்லீரலைப் பாதிக்கும். பல் முளைக்கும் குழந்தைகளின் ஈறில் மரத்துப்போகும் களிம்பு தடவுவதும் அப்படித்தான். அவற்றுள் சிலவற்றில் இருக்கும் பென்சோகெயின், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே கெடுக்கக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது.

வாயில் வைக்கக் கூடாதவை

ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் அழுத்துவது இன்றும் நடக்கிறது. அந்த மருந்து வயிற்றுக்குள் போய் இரத்தத்தில் கலந்த பிறகுதான் வேலை செய்யும். ஈறின்மேல் வைத்தால் அது வெறும் அமிலம். காலையில் ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளையாகத் தோல் உரிந்து, பல்வலியோடு புண் வலியும் சேர்ந்துகொள்ளும். எருக்கம்பாலும் அதே வகையில் சுடும். அதைத் தொட்ட விரலால் தெரியாமல் கண்ணைக் கசக்கிவிட்டால் கருவிழியே பாதிக்கப்படும். பூசைக் கற்பூரத்தைப் பல்லில் வைப்பவர்கள், அது விழுங்கினால் வலிப்பை உண்டாக்கும் நஞ்சு என்பதையும், சிறு குழந்தைக்குச் சிறிய கட்டியே உயிராபத்து என்பதையும் அறிவதில்லை.

கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பல்லிலிருந்து பூச்சி விழும் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் வெகுகாலமாக இருக்கிறது. பழுத்த பழங்களைப் பறித்து வந்து இதைச் செய்துதரும் பாட்டிமார்கள் பல ஊர்களில் இருந்தார்கள். நாம் "பூச்சிப்பல்" என்று சொல்வதே அந்த நம்பிக்கையின் மிச்சம்தான். பழைய பாபிலோனியாவிலும் பல் புழுவை விரட்டும் மந்திரம் இருந்தது. எனவே இதில் நாம் மட்டும் ஏமாறவில்லை. பல்லில் புழு எதுவும் கிடையாது என்று பிரான்சு நாட்டின் பியர் ஃபோஷார் 1728-லேயே எழுதிவிட்டார். சொத்தையை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று வெளியேற்றும் அமிலம். அதைப் புகை போட்டு வெளியேற்ற முடியாது. சூடான புகையால் தொண்டையும் உதடும் வெந்துபோவதுதான் மிச்சம்.

புகையிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல்வலிக்கென்று ஒரு துளி மூக்குப்பொடியையோ ஒரு விள்ளல் புகையிலையையோ கன்னத்தில் அடக்கத் தொடங்கியவர்கள், குறிப்பாக வயல்வேலைக்குச் செல்லும் பெண்கள், வலி நின்ற பிறகும் அதை விட முடியாமல் இருப்பதைக் கிராமங்களில் காணலாம். நிகோடின் சற்று மரத்துப்போகச் செய்கிறது, அதோடு பழக்கத்துக்கும் அடிமையாக்குகிறது. பல ஆண்டுகள் புகையிலையை அடக்கிய அதே இடத்தில் வாய்ப்புற்று வருகிறது. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-இல் தடை வந்தது. பல்வலி மருந்தாக வீட்டுக்குள் நுழையும் புகையிலையை எந்தத் தடையும் தொடுவதில்லை. வாய்க்குள் வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால், அது கூரான பல் குத்தியதால் வந்தது என்று நாமே முடிவு செய்யாமல் காட்டிவிட வேண்டும்.

மருந்துக்கடையில் நடக்கும் வைத்தியம்

"பல்வலிக்கு ரெண்டு மாத்திரை கொடுங்க" என்று கேட்டால், ஒரு வலி மாத்திரையும் ஒரு ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்து மடித்துத் தரும் வழக்கம் இருக்கிறது. அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் போன்றவற்றின் அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் உட்கொள்ளக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. நரம்பு வீங்கியதால் வரும் பல்வலியை ஆன்டிபயாட்டிக் குறைக்காது. சீழ் கட்டியிருந்தாலும், அந்தச் சீழை வெளியேற்றி, உள்ளே செத்துக் கிடப்பதைச் சுத்தம் செய்யாதவரை மருந்து மட்டும் போதாது. இரத்த ஓட்டமே இல்லாத செத்த பல்லுக்குள் மாத்திரை எப்படிப் போய்ச் சேரும்? மூன்று மாத்திரை விழுங்கி வலி குறைந்ததும் நிறுத்திவிடுவது, கிருமிகளுக்கு அந்த மருந்தைப் பழக்கிக் கொடுப்பதற்குச் சமம். மெட்ரோனிடசோலோடு மது சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரும் என்பதையும் கடைக்காரர் பெரும்பாலும் சொல்வதில்லை.

டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் வலியை நன்றாகவே அடக்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது. மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: பல்வலியோடு காய்ச்சலும் இருந்து, அது டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் சிறிதளவு இருந்தாலும், இவ்வகை மாத்திரைகளும் ஆஸ்பிரினும் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஆஸ்பிரின் தரவே கூடாது.

பிடுங்குதல், ஒட்டுதல், நகர்த்துதல்

ஆறு, ஏழு வயதில் தானாக ஆடும் பால் பல்லைக் குழந்தை நாக்கால் தள்ளித் தள்ளி விழவைப்பதில் தவறில்லை. விழுந்ததைச் சாணத்தில் வைத்துக் கூரைமேல் எறிவதும் அவரவர் விருப்பம். நூலைக் கட்டிக் கதவில் மாட்டி இழுப்பதுதான் வேண்டாம், ஏனெனில் வேர் முழுதும் கரையாத பல் பாதியில் முறியக்கூடும். பெரியவர்களின் பல் முற்றிலும் வேறு. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர். மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று. கீழ் வேர்களுக்கு அடியில் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. மேல் வேர்களுக்கு மேலே மேல்தாடை எலும்பின் காற்றறை இருக்கிறது. குறடு போட்டு இழுப்பவர் கையில் பல்லின் தலை மட்டும் வந்து, வேர் உள்ளேயே தங்கிவிடுவது சாதாரணமாக நடக்கும். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுத்துக்கொள்பவர்களுக்கு இரத்தம் எளிதில் நிற்காது. பல்லுக்காக அந்த மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவதும் அதற்கு ஈடான ஆபத்துதான். பெரியவர்களுக்குப் பல் ஆடுகிறது என்றால் அது ஈறு நோயாக இருக்கலாம், தாடைக்குள் வளரும் கட்டியாகவும் இருக்கலாம். பிடுங்கி எறிந்துவிட்டால் அந்தத் தடயமும் போய்விடும்.

முன்பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை மூட ரப்பர் வளையம் மாட்டிக்கொள்ளும் முறை காணொளிகளில் பரவியிருக்கிறது. பார்வைக்கு இவ்வளவு எளிய காரியம் வேறில்லை. இவ்வளவு நிச்சயமாகப் பல்லை இழக்க வைக்கும் காரியமும் வேறில்லை என்பேன். பல்லின் வேர் நுனியை நோக்கிக் குறுகிச் செல்வதால், வளையம் மெல்ல மெல்ல ஈறுக்குள் வழுக்கி ஏறி, கண்ணில் படாமல் எலும்பை அரித்துக்கொண்டே போகும். ரப்பர் எக்ஸ்ரேயிலும் தெரியாது. அறுந்து விழுந்துவிட்டது என்று நினைத்தவர், சில மாதங்களில் நல்ல பற்கள் இரண்டும் ஆடுவதைக் காண்பார். பல்லை நேராக்க அஞ்சலில் வரும் கிளிப்புகளை நம்பியவர்களின் கதையும் எண்ணிப் பார்க்கத்தக்கது: அமெரிக்காவின் ஸ்மைல்டைரக்ட்கிளப் நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பாதிச் சிகிச்சையில் இருந்த வாடிக்கையாளர்கள் அப்படியே நடுவில் விடப்பட்டார்கள்.

பல்லின்மேல் மூடியாக மாட்டியிருந்த கேப் கழன்று விழுந்தால், அதை ஃபெவிக்விக் போன்ற பசையால் ஒட்டுகிறவர்களும் உண்டு. ஒரு மயிரிழை உயரம் கூடினால்கூடக் கடி மாறிப் பல் விரிசல் விடும். அடியில் சொத்தை இருந்தால் அதன்மேல் மூடி போட்டதாகிவிடும். பிறகு மருத்துவர் அந்தக் கேப்பை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கழன்ற கேப்பைக் கழுவி ஒரு சிறிய டப்பாவில் போட்டு எடுத்துச் சென்றால், பெரும்பாலும் அதையே திரும்பப் பொருத்திவிடுவார்கள்.

வெண்மைக்காக எலுமிச்சைச் சாற்றில் உப்பையோ சோடா மாவையோ குழைத்துத் தேய்ப்பதைப் பற்றி ஒன்று மட்டும். வாயின் அமிலநிலை (pH; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு கிட்டத்தட்ட 2. கரைந்த எனாமல் மீண்டும் வளராது. அது மெலிந்ததும் அடியிலுள்ள மஞ்சள் அடுக்குதான் வெளியே தெரியும். உமிக்கரியும் செங்கல் பொடியும் சுரண்டிச் செய்வதை இது கரைத்துச் செய்கிறது. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்ற பழமொழியை இங்கே சிலர் எடுத்து வருவார்கள். அது பல் துலக்கச் சொன்ன வார்த்தை, சொத்தையைக் குணப்படுத்தச் சொன்னதன்று.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

தாடைக்குக் கீழே இருபுறமும் கெட்டியாக வீக்கம், நாக்கு மேலே தூக்கியது போன்ற உணர்வு, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, வாய் திறக்க முடியாமை, குரல் மாறுவது, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது தெரிந்தாலும், காலைவரை காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். இது லுட்விக் ஆஞ்சைனாவாக இருக்கலாம். 1836-இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்த நோய். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்கின் அடிப்பகுதியில் பரவி மூச்சுவழியை அடைத்துவிடும். இதற்குப் பல் மருத்துவரின் தனி அறை போதாது. அவசர சிகிச்சைப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைதான் வேண்டும். மேல்பல் வலியோடு கண்ணைச் சுற்றி வீங்கினாலும் அப்படியே. சர்க்கரை நோயாளிகளுக்கு இவையெல்லாம் வேகமாக நடக்கும். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையை ஒட்டிப் பரவிய கரும்பூஞ்சை நோயில், மேல்பற்கள் ஆடுவதும் கன்னம் மரத்துப்போவதும் முதல் அறிகுறிகளாகச் சிலருக்கு வந்ததை நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ கீழ்த்தாடையில் வலி வந்து, நின்றால் குறைந்து, கூடவே வியர்வையோ நெஞ்சில் பாரமோ இருந்தால், அது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். அங்கே கிராம்பு தேடி நேரத்தைக் கழிக்கக் கூடாது.

விளையாட்டிலோ விபத்திலோ நிரந்தரப் பல் முழுதாகத் தெறித்து விழுந்தால், வீட்டிலேயே உடனே செய்ய வேண்டிய ஒரே காரியம் இருக்கிறது. பல்லின் தலைப்பகுதியை மட்டும் பிடித்தெடுத்து, அழுக்கிருந்தால் சில நொடிகள் நீரில் அலசி, தேய்க்காமல், வந்த குழியிலேயே நிமிர்த்தி வைத்து, சுத்தமான துணியைக் கடித்துக்கொண்டு பல் மருத்துவரிடம் போக வேண்டும். அது முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போடுங்கள். பக்கத்துக் கடையின் ஆவின் பாக்கெட் போதும். தண்ணீரில் ஊறவிட்டாலும் காகிதத்தில் மடித்தாலும் வேரின் மேலுள்ள உயிரணுக்கள் செத்துவிடும். அரை மணி நேரத்துக்குள் சேர்த்துவிட்டால் பல் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. விழுந்தது பால் பல் என்றால் திரும்ப வைக்க முயலக் கூடாது.

எங்கே, எப்படிப் போவது

மக்கள் தாமாகவே வைத்தியம் செய்துகொள்வதற்கு அறியாமையைவிடச் செலவுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். தனியார் மருத்துவமனையில் வேர் சிகிச்சையும் கேப்பும் சேர்ந்தால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், புதுக்கோட்டையில் 2023-இல் தொடங்கிய அரசுக் கல்லூரியிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் பல் பிரிவுகளிலும் சிகிச்சை பெறலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது. எந்த இடம் என்ற ஐயம் இருந்தால், அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐ அழைத்துக் கேட்கலாம். தெருவோரத்தில் கம்பியும் பிளாஸ்டிக் குழம்பும் வைத்து ஒரே உட்காரலில் பல் கட்டித் தருபவர்களைத் தவிருங்கள். சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் பல் மருத்துவம் பார்க்க முடியும்; பதிவு எண்ணைக் கேட்பது நோயாளியின் உரிமை.

போகும்போது, வழக்கமாக எடுக்கும் மாத்திரைகளின் அட்டைகளையும், சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்த சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். வலி எப்போது தொடங்கியது, குளிருக்கா சூட்டுக்கா, கடிக்கும்போதா தானாகவா, இடையில் நின்று மறுபடி வந்ததா என்பவற்றை யோசித்து வைத்திருங்கள். வீட்டில் எதை வைத்தீர்கள், எத்தனை மாத்திரை விழுங்கினீர்கள் என்பதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். எருக்கம்பாலால் வெந்த ஈறையும் வேறு நோயால் வெளுத்த ஈறையும் பார்வையில் மட்டும் பிரித்தறிவது மருத்துவருக்கும் எளிதன்று.